நாவலில் சூசையம்மாள் பேசவில்லை

என்னை ஒரு நாவலில் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எழுபத்தாறாவது வயதில்தான் தெரிந்தது. கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தும் பொற்கொடி டீச்சர் போன மாதம் அந்தப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். எழுதியவர் பெயரை இரண்டு தடவை படித்தேன். பார்லோ துரை. சுதந்திரத்துக்கு முன்னால் ஆறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜென்சிக்கு மானேஜராக இருந்தவர். எனக்கு மேலதிகாரி. ஊருக்குத் திரும்பிப் போய் நாவல் எழுதியிருக்கிறார், எனக்கு ஒரு பிரதி அனுப்பவில்லை.

மூன்று நாளில் படித்து முடித்தேன். நான் நான்கு இடங்களில் வருகிறேன். எண்ணெய் வழியும் தலையோடு கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குமாஸ்தா. எனக்கு எண்ணெய் வைத்தால் ஜலதோஷம் பிடிக்கும், வைத்ததே இல்லை. அது போகட்டும். நான்கு இடத்திலும் எனக்கு ஒரே வேலைதான். யாரோ தமிழில் ஏதோ சொல்வார்கள், நான் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு மறைந்துவிடுவேன்.

டீச்சர் அந்த நாவலைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். சாம்ராஜ்யம் போன பிறகும் மேற்கு தன் முகத்தைத்தான் கிழக்கில் பார்க்கிறது, நாவலில் படகுக்காரன் கொடுக்கும் குற்ற ஒப்புதல் அதிகாரம் பிழிந்தெடுத்த ஒப்புதல், மொழிபெயர்ப்பாளன் அந்த அதிகாரத்தின் வாய் என்று அதில் வாதம். அந்த வாய் இதே ஊரில், கடைத்தெருவுக்குப் பின்னால், பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொல்லித் தேடி வந்திருக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பாதி சரி என்றேன். மறு பாதியை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் அப்பா ஆத்தூரில் வெற்றிலை வியாபாரி. என்னை எஸ்.எஸ்.எல்.சி. படிக்க வைத்து, டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொள்ள அனுப்பினார். யுத்த காலத்தில் பீச் ரோடு ஆபீசில் வேலை கிடைத்தது. பார்லோ துரைக்கு டைப்பிஸ்ட், அவருக்குத் தமிழ் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளன். அவருக்குத் தெரிந்த தமிழ் வா, போ, தண்ணீர், சீக்கிரம். அவ்வளவுதான்.

மனிதர் கெட்டவர் இல்லை. டீச்சருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தமாட்டார். மேஜையில் இரண்டு பென்சில் இருக்கும், கூடுதல் வரியை அடிக்க நீலம் ஒன்று, பிழைக்குச் சிவப்பு ஒன்று. என் டைப்பில் ஒரு எழுத்து பிசகினால் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுப்பார். திட்டு கிடையாது. அந்தப் புள்ளிக்கே நான் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு அவர் வைத்திருந்த முறை இது. பேசுகிறவனின் இடது தோளுக்கு அரை அடி பின்னால் நிற்க வேண்டும். இருவர் முகத்தையும் பார்க்கக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும். கையை ஆட்டக் கூடாது. ஒரு வார்த்தை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும், நிரவக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ‘அவன் இப்படிச் சொல்கிறான்’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. அவன் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். நீ ஜன்னல் கண்ணாடி, கண்ணாடிக்குக் கருத்து கிடையாது என்பார். அந்த வாக்கியத்தை நான் பெருமையாக வீட்டில் வந்து சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளில் கப்பல்கள் கரைக்கு வராது. கடல் ஆழம் போதாது. நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையெல்லாம் தோணிதான் ஏற்றி இறக்கும். ஒவ்வொரு தோணிக்கும் தலைவன் ஒரு தண்டல். அவனுக்குத் துறைமுக ஆபீஸ் லைசென்ஸ் கொடுக்கும். அது இல்லாவிட்டால் அவன் கரையில் நிற்கும் ஆள், அவ்வளவுதான். தண்டல்களில் சந்தியாகு பெயர் எடுத்தவர். அவருடைய அப்பா முத்துக்குளிப்பில் இருந்தவர். சந்தியாகுவுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மேற்கிலிருந்து கச்சான் காற்று எடுக்கிற மாதம், ஒரு கப்பலில் மிஷின் பெட்டிகள் வந்தன. கப்பலின் விஞ்சு, அதாவது பளு தூக்கும் யந்திரம், ஒரு தடவைக்கு ஒரு பெட்டியைக் கயிற்றில் கட்டித் தோணியில் இறக்க வேண்டும். காற்று வலுப்பதற்குள் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று கப்பலின் இரண்டாவது ஆபீசருக்கு அவசரம். இரண்டு பெட்டிகளை ஒன்றாகக் கட்டச் சொன்னார். சந்தியாகு கீழே தோணியில் நின்று வேண்டாம் என்று தலைப்பாகையை அவிழ்த்து வீசிக் காட்டியிருக்கிறார். மேலே யாரும் பார்க்கவில்லை. கயிறு அறுந்தது. தோணியில் நின்ற மிக்கேல் அங்கேயே செத்தான். இருபத்தைந்து வயது. கைம்பெண்ணான சூசையம்மாளுக்கு ஒரே மகன்.

சந்தியாகுவைத் துறைமுகத்தில் போலீஸ் உட்கார வைத்துவிட்டது. பிணம் முன்னால் வீட்டுக்குப் போயிற்று. சாயங்காலம் பார்லோ துரை ஒரு மலர் வளையம் வாங்கிவரச் சொன்னார். என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தே போனார். வெள்ளைக்காரன் ஒருவன் அந்தத் தெருவுக்குத் துக்கம் கேட்க வந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வீட்டில் ஒரே அமைதி. சூசையம்மாள் மகன் தலைமாட்டில் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். அந்தத் தெருவின் தோணிக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. தோணியில் போனவன் உயிரோடு திரும்பவில்லை என்றால், கூட்டிப்போன தண்டல் உடுத்த துணியோடு அந்த வீட்டுக்கு வந்து, தாயின் முன்னால் மண்டியிட்டு, நான்தான் கொன்றேன் என்று சொல்ல வேண்டும். சுறா கடித்துச் செத்தாலும், காய்ச்சலில் செத்தாலும் அப்படித்தான். சொல்லும்வரை அந்தத் தாய் அழமாட்டாள், பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். சொன்னதும் அவள் அவனை அடிப்பாள். பிறகு தன் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாள். அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுக்கு மகன். செத்தவனுடைய இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். நானே இரண்டு தடவை இதைப் பார்த்திருந்தேன்.

இருட்டத் தொடங்கும்போது சந்தியாகு வந்தார். சட்டையில் மிக்கேலின் ரத்தம் காய்ந்திருந்தது. மண்டியிட்டார்.

“அம்மா, ஒம் மவன நாந்தான் கொன்னேன். நான் கூட்டிட்டுப் போனேன், நான் கொண்டாரல.”

துரை என் பக்கம் தலையைச் சாய்த்தார். நான் அரை அடி பின்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷில் சொன்னேன். நான்தான் உன் மகனைக் கொன்றேன். ஒரு எழுத்து பிசகவில்லை. சூசையம்மாள் அவர் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள், பிறகு பெருங்குரலில் அழுதாள், செம்பை நீட்டினாள். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும் வழியில், இன்று நீ நன்றாகச் செய்தாய் என்று என்னிடம் சொன்னார். அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு அது. அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு ராத்திரி நான் சந்தோஷமாகத் தூங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வழக்கத்தை ஏன் அவரிடம் விளக்கவில்லை என்று டீச்சர் கேட்பார். கேட்கப்படவில்லை, கூட்டக் கூடாது. இதுதான் அன்றைக்கு என் பதில். அதைவிட எளிமையான பதில் ஒன்று உண்டு. எனக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்ததால், பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் துறைமுக ஆபீஸ் மாடியில் விசாரணை. வெள்ளைக்காரத் துறைமுக அதிகாரி நடுவில். கப்பல் எப்போதோ போய்விட்டிருந்தது, அதன் ஆபீசர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மட்டும் மேஜையில் இருந்தது. கயிற்றில் குறை இல்லை, தோணி ஒழுங்காக நிற்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. தோணிக்காரர்கள் நான்கு பேர் இரண்டு பெட்டி என்று சொன்னார்கள், ஆனால் அவர்கள் தண்டலின் ஆட்கள். அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்லோ துரை எழுந்து, தன் முன்னிலையில் தண்டல் கொலையை ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். வன்மத்தில் இல்லை. பார்த்ததை மறைக்கக் கூடாது என்கிற நேர்மையில் சொன்னார். அந்த நேர்மைக்குச் சாட்சி என்னுடைய இங்கிலீஷ். விசாரணைக்கும் நானே மொழிபெயர்ப்பாளன். இன்றைய வக்கீல்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

அதிகாரி கேட்டார், நான் தமிழில் கேட்டேன். தாயிடம் அப்படிச் சொன்னது உண்டா? சந்தியாகு திரும்பிப் பார்த்தார். கதவோரத்தில் சூசையம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“சொன்னேன்.”

சொன்னது உண்மையா?

“அந்தத் தாய்ட்ட பொய் சொல்லுவனாய்யா?”

அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? இல்லை என்றால் அந்த வீட்டு மகன் இல்லை என்று ஆகிவிடும். மிக்கேலை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி. இதையும் நான் கண்ணாடி மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, ஐயா இது ஒரு வழக்கம் என்று ஆரம்பித்தேன். பார்லோ துரை என்னைப் பார்க்கவில்லை, கூடவே கொண்டுவந்திருந்த நீலப் பென்சிலை மட்டும் மேஜையிலிருந்து தூக்கினார். அதிகாரி கேட்டார், இப்போது பேசுவது சாட்சியா, நீயா? சாட்சி இல்லை என்றேன். அதை அடித்துவிடு என்று எழுதுகிறவரிடம் சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பென்சிலுக்குத்தான் அதிகம் பயந்தேன். கொலைக் கேஸ் ஆக்கவில்லை, கவனக்குறைவு என்று முடித்து லைசென்சை ரத்து செய்தார்கள். சந்தியாகு கைநாட்டு வைத்துவிட்டு, போகும்போது என்னிடம் கோபமே இல்லாமல், வாரேன் கிளார்க்கய்யா என்றார். மறுநாளிலிருந்து கடற்கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் தோணிப் பாய் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் போகிற வழி அதுதான். வேறு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்தது, பார்லோ துரை புறப்பட்டார். என்னோடு கைகுலுக்கினார். அந்தத் தண்டலை அடிக்கடி நினைக்கிறேன், அத்தனை உண்மையான மனிதனை என் நாட்டில்கூடப் பார்த்ததில்லை என்றார். நாவலைப் படித்தபோது அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. அவர் பொய் எழுதவில்லை, மதித்துத்தான் எழுதியிருக்கிறார். என்ன, மிஷின் பெட்டி விழுந்து ஒருவன் செத்தான் என்றால் லண்டனில் யார் வாங்குவார்கள்? அதனால் மிக்கேல் முத்துக்குளிக்கிறவன் ஆகிவிட்டான். சந்தியாகு ஒரு பெண் விஷயத்தில் பொறாமைப்பட்டு அவனை மேலே இழுக்கும் கயிற்றை விட்டுவிடுகிறார். கயிறு பிடிக்க நம்பிக்கையான சொந்தக்காரனைத்தான், பெரும்பாலும் மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் மனச்சாட்சி உறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டுக் கடலுக்குள் நடந்து போய்விடுகிறார். புரிந்துகொள்ள முடியாத கிழக்கு என்று அத்தியாயம் முடிகிறது. புரியாததற்குக் காரணம் கிழக்கு இல்லை. அரை அடி பின்னால் நின்றவன் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் இங்கேதான் எனக்காக வாதாடுவார். வெள்ளைக்காரன் போட்ட விதி உங்கள் வாயைக் கட்டியது என்பார். அப்படியானால் அடுத்து நடந்ததைக் கேட்க வேண்டும். சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம் துறைமுக ஆபீசுக்குத் தமிழ் அதிகாரி வந்தார். நம் ஆள், தேவாரம் சொல்லுவார். தோணிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் நான் மனு எழுதிக் கொடுத்தேன். அவர் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் என்ன தப்பு என்று கேட்டார். தப்பு இல்லை ஐயா என்றேன். வழக்கத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அதை அவன் வாயால் சொல்லட்டும் என்று சந்தியாகுவைக் கூப்பிட்டு, அதே இரண்டு கேள்விகளை நல்ல தமிழில் கேட்டார். நடுவில் யாரும் இல்லை. கிழக்கும் மேற்கும் இல்லை. சந்தியாகு அதே இரண்டு பதில்களைச் சொன்னார். அதிகாரி வருத்தத்தோடு ஃபைலைக் கட்டினார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. சந்தியாகு மேல், அதிகாரி மேல், எல்லார் மேலும். மறுநாள் காலையில் எழுந்தபோது அது முழுவதும் என் மேல் திரும்பியிருந்தது. நேராக அந்தத் தெருவுக்குப் போனேன்.

சூசையம்மாள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. நான் வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் மண்டியிட்டேன். அவளுக்கு இப்போது மகன் சந்தியாகுதான். அவருடைய கடலை எடுத்துவிட்டேன். அப்படியானால் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எத்தனையோ பேருக்காக ‘நான்’ என்று சொல்லியிருக்கிறேன். எனக்காகச் சொன்னது அன்றைக்குத்தான்.

“அம்மா, ஒங்க மவன நாந்தான் கொன்னேன்.”

அவள் கை அலம்பவில்லை. கருவாட்டுக் கையோடு ஓங்கி ஒரு அறை. காது கொய்யென்றது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். இரண்டு துறைமுக அதிகாரிகளும் கேட்டதையும் சந்தியாகு சொன்னதையும் சொன்னேன். அந்தப் பதிலால்தான் லைசென்ஸ் போனது என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு மாடியில் நடந்த பாதி இங்கிலீஷ் விசாரணையில் அவளுக்கு விளங்கியது, சந்தியாகு தன்னைக் கைவிடவில்லை என்பது மட்டும்தான். லைசென்ஸ் கப்பல்காரன் சூழ்ச்சியில் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சந்தியாகு மூன்று வருஷமாக அவள் வீட்டில் வந்து சாப்பிட்டும் சொல்லவில்லை.

“ஏன்யா, அத்தன பேரும் அவன்ட்டயே கேட்டிய. சொன்னது என்ட்டல்லா? என்ட்ட ஒருத்தனும் கேக்கலையே.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு துறைமுக ஆபீஸ் பக்கம் நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

தமிழ் அதிகாரி எழுந்து நாற்காலி காட்டினார், அவள் உட்காரவில்லை. ஃபைல் இங்கிலீஷ் ஃபைல் என்பதால் அவள் சொல்வதை நான் இங்கிலீஷில் எடுக்க வேண்டும் என்றார். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அவன் எனக்குக் குடுத்த வார்த்தைய நான் திருப்பிக் குடுத்துட்டேன். எழுதிக்கிடுங்க. அவன் இனிமயும் எம் மவன்தான். அது வேற.”

கொடுத்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவள்தான் அதை உண்டாக்கினாள். அதிகாரி மெதுவாக, அப்படியானால் உங்கள் மகனைக் கொன்றது யார் அம்மா என்று கேட்டார்.

“பெட்டி ரெண்டு, கயிறு ஒண்ணு. ஒங்க ஆபீசுல எண்ணத் தெரிஞ்ச ஆள் இல்லையாய்யா?”

சந்தியாகுவைக் கூப்பிட்டார்கள். அவள் அவர் கன்னத்தைத் தடவி, திருப்பிக் கொடுத்ததைச் சொன்னாள். அவர் சிறுபிள்ளை மாதிரி விம்மி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, மூன்று வருஷம் வைத்திருந்ததை, தலைப்பாகையை அவிழ்த்து வீசியது உட்பட, நின்றபடியே சொல்லி முடித்தார். ஒரு மாதத்தில் லைசென்ஸ் வந்தது. அதன் பிறகு பதினாறு வருஷம் தோணி ஓட்டினார். கடலுக்குள் நடந்து போகவில்லை.

டீச்சர், உங்கள் கட்டுரையை மறுபடி ஒரு தடவை படித்தேன். பார்லோ துரை நாவலில் அந்தத் தாய் இரண்டு பக்கம் அழுகிறாள், ஒரு வரி பேசவில்லை. உங்கள் கட்டுரையில் அவள் அழக்கூட இல்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, நானும் மூன்று வருஷம் அவளைத் தாண்டித்தான் நடந்தேன். அவள் வாக்குமூலத்தின் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். அதில் பதினொரு இடத்தில் ‘நான்’ வருகிறது. எல்லாம் அவள்தான். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.